வேலைப்பாடும் வேலை செய்த கையும்

ஹைதராபாத்தில் மூசி நதியின் கரையில் அமைந்த சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், கரிய உலோகத்தில் வெள்ளி பதிக்கும் பித்ரி வேலைப்பாட்டுக்கென்று உள்ள கூடத்தில், கண்ணாடிப் பேழைகளுக்குள் வரிசையாக வைத்திருக்கும் ஹூக்காக் குடங்களையும் வெற்றிலைப் பெட்டிகளையும் கூஜாக்களையும் பார்க்கிறவர் எவரும், கரிய உலோகத்தின் மீது படர்ந்தோடும் வெள்ளிக் கொடிகளின் நேர்த்தியில் சற்று நேரம் மெய்ம்மறந்து நிற்பர் என்பதில் ஐயமில்லை. அதே பரம்பரையைச் சேர்ந்த கம்மியரின் உளியில் பிறந்த வேறு சில குடங்கள், இன்று லண்டன் மாநகரில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டு இடங்களிலும் பொருளின் பெயர் உண்டு, ஊர் உண்டு, நூற்றாண்டு உண்டு, செய்தவன் பெயர்தான் பெரும்பாலும் இல்லை. சாலார் ஜங் அருங்காட்சியகத்திலேயே ஜனங்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்க்கும் 'முக்காடிட்ட ரெபெக்கா' என்னும் பளிங்குச் சிலையை ஹைதராபாத் திவான் முதலாம் சாலார் ஜங் 1876இல் ரோமாபுரியில் வாங்கினார் என்பதும், அதைச் செதுக்கியவர் பென்சோனி என்ற இத்தாலியச் சிற்பி என்பதும் அங்கு வந்து போகிறவர் பலருக்கும் தெரியும். நம் தக்காணத்துக் கம்மியனுக்கு மட்டும் அந்த மரியாதை வாய்க்கவில்லை. இது தற்செயலாக நேர்ந்த குறை என்று நான் கருதவில்லை. வேலைப்பாட்டை வானளாவப் புகழ்ந்து, வேலை செய்த கையைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத ஒரு யுகத்தின் பழக்கம் இன்னும் நம்மிடம் நீடிக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

விக்டோரியா மகாராணியார் சிம்மாசனத்தில் வீற்றிருந்த 1837 முதல் 1901 வரையிலான காலத்தில், அலங்கார வடிவங்களைப் பற்றிய விசாரம் இங்கிலாந்தில் ரசிகர்களின் பொழுதுபோக்காக நின்றுவிடாமல், ஒரு சமூகப் பிரச்சினையாகவே வளர்ந்துவிட்டது. நீராவி யந்திரங்களின் உபயத்தால் சுவர்க்காகிதமும் தரைவிரிப்பும் அச்சுத்துணியும் முன்னர் கனவிலும் கருதவியலாத அளவில் மலிந்து குவியவே, புதிதாகப் பணம் சேர்த்த மத்தியதர வகுப்பார் தங்கள் வீட்டு முன்கூடத்தையே தங்கள் அந்தஸ்துக்கும் ஒழுக்கத்துக்கும் சாட்சியாக நிறுத்தத் தலைப்பட்டார்கள். சுவர் வெறுமையாக இருந்தால் வீட்டில் வறுமை இருப்பதாக அயலார் நினைப்பார்களோ என்ற அச்சம் அவர்களை ஆட்டிப்படைத்தது. இன்னொரு புறத்தில், நல்ல வடிவத்தைக் கண்டு பழகிய கண் நல்ல குணத்தையும் வளர்க்கும் என்று நம்பிய சீர்திருத்தக்காரர்கள் கிளம்பினார்கள். அவர்களில் முதன்மையானவர் ஹென்றி கோல். அவரும் அவருடைய சகாக்களும் 1852இல் மார்ல்பரோ மாளிகையில் ஓர் அலங்காரக் கலைக்கூடத்தைத் திறந்து, அதில் ஓர் அறையைத் தவறான கொள்கைகளால் விளைந்த பொருள்களுக்கென்றே ஒதுக்கினார்கள். நிழலும் ஒளியும் காட்டி நிஜப் பூவைப் போலவே வரைந்த துணிகளும் காகிதங்களும் அங்கே குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டன. நிஜ ரோஜாவைப் போலவே தோன்றும் ரோஜாவின் மீது மனிதன் எப்படிக் காலை வைத்து நடப்பான் என்பது அவர்கள் கேட்ட கேள்வி.

அக்கேள்விக்கு விடையை அவர்கள் எங்கிருந்து பெற்றார்கள் என்பதுதான் நம் கவனத்துக்குரிய விஷயம். அதற்கு முந்தின ஆண்டாகிய 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய கண்ணாடி மாளிகையில், அறுபது லட்சம் பேர் வந்து பார்த்த மகா கண்காட்சி நடந்தது. அதன் உட்புறத்துக்கு வர்ணத் திட்டம் வகுத்த ஓவன் ஜோன்ஸ், அங்கு வந்து சேர்ந்திருந்த இந்தியத் துணிகளையும் உலோகப் பாத்திரங்களையும் விரிப்புகளையும் கண்டு வியந்து, ஐரோப்பா இழந்துவிட்ட ஒழுங்கு இங்கே உயிரோடு இருக்கிறது என்று முடிவு கட்டினார். அவர் 1856இல் நூறு வர்ணப் படங்களுடன் வெளியிட்ட 'அலங்காரத்தின் இலக்கணம்' என்ற பெருநூல் 37 விதிகளோடு தொடங்குகிறது. அந்த நூலின் இந்தியப் பகுதிக்கு அவர் மாதிரிகளைத் திரட்டியது 1851ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியிலிருந்தும் 1855ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலிருந்தும்தான். பூவை உள்ளபடியே காட்டாமல் அதன் சாரத்தை மட்டும் எடுத்துத் தட்டையாக விரிப்பது, இடம் முழுவதையும் சமமாக நிரப்புவது, ஒரு கொடியின் ஒவ்வொரு கிளையும் தன் தாய்த்தண்டிலிருந்தே பிரிவது ஆகியவற்றை அவர் விதிகளாக வகுத்தார். ஆனால் இவை எந்த ஏட்டிலும் எழுதாமல் நம் கம்மியரின் விரல்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த வித்தைகள். புள்ளி வைத்துக் கோலமிடும் நம் வீட்டுப் பெண் எந்தப் பாடநூலையும் புரட்டாமல் வாசலை நிரப்புகிறாளே, அந்த வகை அறிவு அது.

ஹைதராபாத் நிஜாமின் ராஜ்யத்திலிருந்து 1851ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சிக்குச் சென்ற பொருள்களில் இரண்டு வகை இங்கே விசேஷமாகக் குறிப்பிடத்தக்கவை. ஒன்று வாரங்கல் விரிப்பு. அங்கே வைத்த வாரங்கல் விரிப்புகளில் சதுர அடிக்குச் சுமார் 12,000 முடிச்சுகள் இருந்தன என்று, இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி 1880இல் விரிவான நூல் எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட் பதிவு செய்திருக்கிறார். மற்றொன்று, அந்நாளில் ஹைதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த பீதர் நகரின் பித்ரி வேலை.

பித்ரிப் பாத்திரம் ஒன்று உருவாகும் விதத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை முழுதும் விளங்கும். துத்தநாகம் பதினாறு பங்கும் செம்பு ஒரு பங்குமாக உருக்கி மண் அச்சில் வார்த்து, அரத்தால் ராவி வழவழப்பாக்கிய பாத்திரத்தின் மீது மயில்துத்தக் கரைசலைத் தடவித் தற்காலிகமாகக் கறுப்பேற்றுகிறார்கள். அந்தக் கறுப்பில் கூரிய ஊசிமுனையால், அளவுகோலோ அச்சுத்தாளோ இன்றி, கொடியும் இலையும் மலரும் கைப்போக்கிலேயே கீறப்படுகின்றன. பிறகு உளி அந்தக் கோட்டைத் தொடர்ந்து சென்று பள்ளம் பறிக்கிறது. பள்ளத்துக்குள் வெள்ளிக் கம்பியையோ வெள்ளித் தகட்டையோ வைத்துச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்குகிறார்கள். இவ்வளவும் முடிந்து மறுபடியும் தேய்த்த நிலையில் பாத்திரத்தைப் பார்த்தால் சாம்பல் நிற உலோகமும் வெள்ளியும் ஒன்றாகக் கலந்து, பூ எது பரப்பு எது என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. கடைசியில்தான் அற்புதம் நிகழ்கிறது. பீதர்க் கோட்டையின் பழைய சுவர்களுக்குள் வெயிலும் மழையும் படாத இடத்தில் எடுத்த மண்ணை நவச்சாரத்துடன் நீரில் குழைத்து, சூடேற்றிய பாத்திரத்தில் தேய்த்தவுடன், துத்தநாகக் கலவை மட்டும் நிரந்தரமாகக் கறுத்துவிடுகிறது. வெள்ளி தன் வெண்மையை இழக்காமல் சுடர்விடுகிறது. எந்த மண் உதவும், எது உதவாது என்பதை மூத்த கம்மியர் மண்ணை நாவில் இட்டுச் சுவைத்தே தேர்ந்தெடுப்பார்கள். கண்ணுக்கும் கைக்கும் அப்பால் நாவும் வேலை செய்யும் ஒரு கலையைக் கண்காட்சிப் பேழைக்குள் அடைத்து லண்டனுக்கு அனுப்பினால், போய்ச் சேருவது அதன் ஒரு பகுதி மட்டுமே.

இந்த அலங்காரத்துக்கு ஹைதராபாத்தின் சமூக வாழ்வில் இருந்த ஸ்தானமும் சாமானியமானதன்று. விருந்தினரை வரவேற்று வெற்றிலை கொடுக்கும் பான்தான், தர்பாரில் நடுநாயகமாக வீற்றிருக்கும் ஹூக்கா, கை கழுவ நீர் வார்க்கும் கெண்டி ஆகிய ஒவ்வொன்றும் உபசாரத்தின் ஒரு சடங்கோடு பிணைந்திருந்தன. செல்வக் குடும்பத்துப் பெண்ணின் சீர்வரிசையில் பித்ரிப் பாத்திரங்கள் இடம்பெறுவதும் வழக்கம். நவாபின் கண் எதை விரும்பும் என்பதைக் கம்மியன் அறிந்திருந்தான். கம்மியனின் கை எது செய்யும் என்பதை நவாபும் அறிந்திருந்தார். அந்தச் சமூகம் சமத்துவம் நிலவிய சமூகம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜாகீர்தார் ஜாகீர்தாராகவும் கம்மியன் கம்மியனாகவுமே இருந்தார்கள், கூலியும் குறைவுதான். எனினும் வேலைப்பாடும் அதைச் செய்தவனும் ஒரே ஊரில், ஒரே வாழ்க்கை முறைக்குள் இருந்தபடியால், ஒன்று வாழ்ந்தபோது மற்றொன்றும் வாழ்ந்தது.

அதே விக்டோரியா காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு பிரவாகம் பெருகி வந்தது. ஐந்தாம் நிஜாம் அப்சலுத்தௌலா காலத்தில் நிறைவெய்திய சௌமஹல்லா அரண்மனையின் தர்பார் மண்டபத்தில், தக்காணத்துச் சுண்ணச் சாந்து வேலைப்பாடுகளுக்கு நடுவே பெல்ஜியம் நாட்டுப் படிகச் சரவிளக்குகள் தொங்கின. பைகா என்னும் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த விகாருல் உம்ரா 1884இல் அஸ்திவாரமிட்ட பலக்னுமா அரண்மனை, இத்தாலியப் பளிங்கும் ஓவியக் கூரைகளும் வர்ணக் கண்ணாடிகளுமாக, ஐரோப்பியப் பிரபுவின் மாளிகைக்கு எவ்விதத்திலும் தாழாமல் எழுந்தது. 1897இல் அது ஆறாம் நிஜாம் மகபூப் அலிகானின் கைக்கு வந்தது. இதே பைகா குடும்பத்தாரின் கல்லறைகள் நகரின் தென்கிழக்கே பிசல் பண்டாவில் இருக்கின்றன. அங்கே சுண்ணச் சாந்தில் இழைத்த பலகணிகளின் நட்சத்திரக் கட்டங்களில் ஒன்று மற்றொன்றைப் போல் இராது என்பார்கள். ஒரு பலகணிக்கு முன் நின்று, ஓர் அறுகோணத்திலிருந்து அடுத்த நட்சத்திரத்துக்குக் கோடு எப்படி முறியாமல் செல்கிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்தால், அந்தக் கொத்தனார் மனத்திலேயே போட்ட கணக்கின் ஆழம் புலப்படும். ஒரே குடும்பம், உயிரோடிருந்தபோது ஐரோப்பிய அலங்காரத்தின் நடுவே வாழ்ந்து, மாண்ட பின் தக்காண அலங்காரத்தின் நடுவே உறங்கியது. பிரிட்டிஷ் ரெசிடெண்டை விருந்துக்கு அழைக்க வேண்டிய கூடம் அவருக்குப் பழக்கமான அலங்காரத்தைப் பூண வேண்டியிருந்தது என்பதில், அக்கால அதிகாரத்தின் நியதி தெளிவாகவே தெரிகிறது.

இனி இந்த வரலாற்றின் வருந்தத்தக்க அத்தியாயத்துக்கு வருவோம். லண்டனில் இந்தியப் பொருள்களின் ஆராய்ச்சி அதிகாரியாக இருந்த ஜான் போர்ப்ஸ் வாட்சன், 1866இல் இந்தியத் துணிகளின் மாதிரிகளைத் தொகுத்துப் பதினெட்டுத் தொகுதிகளாக அமைத்தார். அவற்றில் 700 நிஜத் துணித்துண்டுகள், நீளம், அகலம், எடை, நெய்த ஊர் முதலிய விவரங்களோடு ஒட்டப்பட்டிருந்தன. இருபது பிரதிகள் மட்டுமே தயாராயின. பதின்மூன்று பிரிட்டனின் தொழில் நகரங்களுக்கும் ஏழு இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. இந்திய ஜனங்கள் எதை உடுத்த விரும்புகிறார்கள் என்பதை லங்காஷயர் ஆலை முதலாளிகள் அறிந்து, அதே கரையையும் அதே கட்டத்தையும் யந்திரத்தில் செய்து நமக்கே விற்க வேண்டும் என்பதே நோக்கம்; அந்த நோக்கத்தை அவர் மறைக்கவும் இல்லை. அழகை ஆராய்ந்து போற்றும் காரியமும் அந்த அழகைப் பிழைப்பாகக் கொண்டவனின் வயிற்றில் அடிக்கும் காரியமும் ஒரே நூலின் இரண்டு பக்கங்களாக அமைந்த விந்தை இது. மனிதன் பட்டினி கிடந்தான். அவன் நெய்த மாதிரி மட்டும் பத்திரமாக நூலகத்தில் இருந்தது.

கம்பளங்களுக்கு நேர்ந்த கதியும் அத்தகையதே. சர்க்கார் தன் சிறைகளில் கைதிகளைக் கொண்டு விரிப்பு நெய்யத் தொடங்கியதும், மலிவான சிறைச் சரக்கோடு போட்டியிட முடியாமல் சுயேச்சையான தறிகள் தளர்ந்தன. விண்ட்ஸர் கோட்டையில் வாட்டர்லூ கூடத்துக்காக மகாராணியாருக்கு நெய்த மாபெரும் கம்பளமும் ஆக்ரா சிறையில் பிறந்ததுதான். இந்தத் தீமையை வன்மையாகக் கண்டித்த ஆங்கிலேயரும் இருந்தார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். சுவர்க்காகிதத்திலும் துணியிலும் கொடியும் குருவியும் உலவச் செய்து உலகப் புகழ் பெற்ற வில்லியம் மாரிஸ், 1879இல் பர்மிங்காமில் ஆற்றிய உரையில், இந்தியக் கைத்தொழில் வர்த்தகத்தின் காலடியில் நசுங்குவதையும் சர்க்கார் சிறைகளில் மலிவுக் கம்பளம் செய்விப்பதையும் எடுத்துக்காட்டி வருந்தினார். வேலை செய்கிறவனுக்கு அந்த வேலையில் இன்பம் இல்லாவிட்டால் அலங்காரத்துக்கு அர்த்தமே இல்லை என்பது மாரிஸின் வாழ்நாள் சித்தாந்தம். அவருடைய கடைப் பொருள்களைச் செல்வந்தரே வாங்க முடிந்தது என்ற முரண்பாடு அவரை வாட்டியது உண்மை. ஆயினும் வடிவத்தையும் கையையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற அவருடைய வாதத்தின் உண்மை அதனால் குறைந்துவிடவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். வேலைப்பாடுகள் ஊர்விட்டு ஊர் செல்வது உலக இயற்கையல்லவா? பித்ரிக் கொடிகளிலேயே பாரசீகத்தின் சாயல் உண்டே. ஹைதராபாத்தின் பாதுஷாஹி ஆஷுர்கானாவின் வர்ண ஓடுகளும் பாரசீக மரபில் வந்தவைதாமே. ஸ்பெயின் நாட்டு அல்ஹம்ப்ரா அரண்மனையை அளந்து படமெடுத்தே ஓவன் ஜோன்ஸ் பெயர் பெற்றார். அதே ஸ்பெயின் தேசத்து மசூதியைக் கண்டு மயங்கிய விகாருல் உம்ராவின் ஆசையால் நம் பேகம்பேட்டையில் ஸ்பானிய மசூதி எழுந்தது. அப்படியிருக்க, எந்த வடிவத்துக்கும் எந்த ஊராரும் சொந்தம் கொண்டாடலாகுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கொடுத்தும் கொண்டும்தான் கலை வளர்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பாரசீகத்து வேலைப்பாடு தக்காணத்துக்கு வந்தபோது கலைஞர்களோடு வந்தது. இங்குள்ள கைகளோடு கலந்து, புதிய கைகளுக்குச் சோறு போட்டது. தொகுதிகளில் ஒட்டப்பட்டு மான்செஸ்டருக்குப் போன வேலைப்பாடோ, கையை இங்கேயே கைவிட்டுவிட்டுப் போனது. முன்னதைக் கலப்பு என்று வரவேற்போம். பின்னதை அபகரிப்பு என்றே சொல்ல வேண்டும்.

ஆங்கிலேயர் போய்விட்டார்கள், பழக்கம் போகவில்லை. 1949இல் ஜாகீர் என்ற நிலமானியங்கள் ஒழிந்தது சமூக நீதியின் வெற்றி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நவாபு வீட்டுச் சீர்வரிசையை நம்பியிருந்த பித்ரிக் கம்மியருக்கு, அந்த இடத்தை நிரப்பும் புதிய ஆதரவாளர் எவரையும் நாம் உருவாக்கிக் கொடுக்கவில்லை. 1956இல் ராஜ்யம் மொழிவாரியாகப் பிரிந்தபோது பீதர் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஹைதராபாத் பெரும்பாலும் விற்பனைக்கு உரிய ஊராயிற்று. இன்று கடைகளில் அதிகமாக விலைபோவது சாவிக்கொத்தும் சிறு டப்பாவும் யானைப் பொம்மையும்தான். ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள பூதான் போச்சம்பள்ளியில், நூலை முதலில் கட்டிச் சாயமேற்றி, பிறகு தறியில் ஏற்றிக் கட்டமும் கிளியும் தாமே பிறக்கும்படி நெய்கிறார்கள். அந்த வடிவத்தை ஆலைத்துணியில் அச்சடித்து, அதையே போச்சம்பள்ளி என்று சொல்லி விற்கும் கடைகள் நம் கடைவீதிகளிலேயே மலிந்திருக்கின்றன. போர்ப்ஸ் வாட்சனின் காரியத்தை இன்று நம்மவரே செய்கிறார்கள், வாங்குகிறவர்களும் நாமேதான்.

1999இல் இயற்றி 2003இல் அமலுக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், பித்ரிக்கும் போச்சம்பள்ளிக்கும் வாரங்கல் ஜமக்காளத்துக்கும் பாதுகாப்பளித்திருக்கிறது, நல்ல காரியம். பீதரைச் சேர்ந்த பித்ரிக் கலைஞர் ஷா ரஷீத் அகமது காதிரிக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததும் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் சட்டப் பத்திரம் ஒரு பெயரைக் காக்குமே தவிர, ஒரு குடும்பத்தைக் காக்க அது போதாது. தந்தை உளி பிடித்த வீட்டில் மகன் ஆட்டோ ஓட்டப் போகிறான் என்றால், அவனைக் குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை. உளிக்குக் கிடைக்கும் கூலியை நாம்தான் நிர்ணயிக்கிறோம்.

ஆகவே செய்யத்தக்க காரியங்கள் சிலவற்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவதாக, அருங்காட்சியகங்களும், அரண்மனைகளை விடுதிகளாக நடத்துவோரும், அரசின் கைவினை அங்காடிகளும், இனி வாங்கும் ஒவ்வொரு பொருளின் மீதும் செய்தவர் பெயரைப் பொறிக்கட்டும். பழைய பொருள்களுக்குச் செய்தவர் பெயர் கிட்டாவிட்டால், பெயர் பதிவாகவில்லை என்ற உண்மையையாவது குறிப்பில் எழுதட்டும். இரண்டாவதாக, அரசு கட்டும் புதிய அலுவலகங்களிலும் விமான நிலையங்களிலும் மெட்ரோ நிலையங்களிலும் சுவரலங்காரத்துக்கென்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி, அச்சடித்த தகடுகளுக்குப் போகாமல் கம்மியருக்கும் சாந்து வேலைக்காரருக்கும் நெசவாளருக்கும் நேரே போய்ச் சேரட்டும். நவாபின் இடத்தில் இன்று அமரக்கூடியவர் பொதுமக்களாகிய நாமே; நம் வரிப்பணமே அதற்கு வழி. மூன்றாவதாக, நகரிலுள்ள நுண்கலைக் கல்லூரிகளும் ஆடை வடிவமைப்புப் பள்ளிகளும் மூத்த கம்மியரை ஒரு நாள் செயல்விளக்கத்துக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், சம்பளம் பெறும் ஆசிரியர்களாக நியமிக்கட்டும். ஓவன் ஜோன்ஸ் 37 விதிகளில் எழுதியதைக் காட்டிலும் நுட்பமான விதிகள் அவர்களிடம் இருக்கின்றன. அவற்றை நம் மாணவர்கள் நம் மொழிகளில் எழுதிக்கொள்ளும் காலம் எப்போதோ வந்துவிட்டது.

அலங்காரம் ஆடம்பரம் என்றும், ஏழை நாட்டுக்கு அது அவசியமில்லை என்றும் வாதிப்போர் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இந்த நாட்டில் அலங்காரம் செய்கிறவன்தான் ஏழை. வேலைப்பாட்டை வேண்டாமென்று ஒதுக்கினால் முதலில் அடுப்பணைவது அவன் வீட்டில்தான். அதே வேலைப்பாட்டை யந்திரத்தில் அச்சடித்து வாங்கினாலும் அதே அடுப்புத்தான் அணைகிறது. விக்டோரியா காலத்து அறிஞர்கள் நம் கலையின் இலக்கணத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டுவோம். அவர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட மனிதனைக் கண்டுகொள்ளும் கடமை நம்முடையது. அடுத்த முறை ஒரு பித்ரிக் கிண்ணத்தையோ போச்சம்பள்ளிச் சேலையையோ கையில் எடுக்கும் வாசகர், விலையைக் கேட்பதற்கு முன் இதைச் செய்தவர் யார் என்று கேட்பாராக. கடைக்காரர் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கும்வரை கேட்போம். பதில் சொல்லத் தெரிந்த கடைகளில் மட்டும் வாங்குவோம்.